கடல் கடந்த குதிரைப் பந்தயம்

வேங்கட மலையின் அடியிலும் அதனைச் சூழ்ந்த சித்தூர்ச் சீமையிலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பத்தினராகிய நாம் ஆண்டுக்கொரு முறை கூடி மகிழும் இத்திருநாளில், மலரின் பக்கங்களை மொழியின் பெருமைக்கும் கோயில்களின் சிறப்புக்கும் ஒதுக்குவதே வழக்கம். இம்முறை அவ்வழக்கத்தினின்று சற்றே விலகி, குதிரைப் பந்தயத்தைப் பற்றி எழுதத் துணிந்தோம். அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். இதற்குக் காரணம் ஒன்று உண்டு.

சில திங்களுக்கு முன்னர்ப் படிப்பகத்தில் நாளிதழ் பார்த்துக் கொண்டிருந்தபோது, நம் குடியிருப்பைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அருகில் வந்தமர்ந்தார். நல்ல வேலையில் இருப்பவர். பெற்றோருக்கு ஒரே மகன். மாலை ஆறு மணிக்கு மேல் கையிலுள்ள தொலைபேசியினின்றும் அவர் கண்ணை எடுப்பதில்லை என்று அவர் தாயார் வருந்திக் கூறியதை முன்பே கேட்டிருந்தோம். இங்கிலாந்தில் ஓடும் குதிரைகளின்மீது அவர் பணம் கட்டி வருகிறார் என்பதும், தாயாரின் வளையல் இரண்டு அடகுக் கடைக்குப் போய்விட்டது என்பதும் அன்றுதான் தெரிந்தன. நாம் ஒன்றும் கேளாதிருக்கும்போதே அவர் கூறினார்: “மாமா, இது சூதாட்டம் இல்லை. திறமை விளையாட்டு என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது.”

அவர் கூறியதில் பொய் இல்லை. அத்தகைய தீர்ப்பு உண்மையாகவே உண்டு. ஆகவே, “அப்படியன்று தம்பி” என்று ஒரே சொல்லில் மறுக்க நம்மால் இயலவில்லை. அன்று நாம் சொல்ல முடியாத விடையைத் தேடிச் சென்றபோது கண்ட செய்திகளே இக்கட்டுரை.

காணாத குதிரைக்குப் பணம் கொடுப்பது இச்சீமைக்குப் புதிதன்று என்பதை முதலிற் கூற வேண்டும். திருப்பதிக்கு அண்மையில் உள்ள சந்திரகிரிக் கோட்டையை நம்மில் பலரும் விடுமுறை நாளிற் கண்டு வந்திருப்போம். பதினைந்தாம் நூற்றாண்டில் அக்கோட்டையிலிருந்து ஆண்ட சாளுவ நரசிம்மன், பின்னர் 1485-ஆம் ஆண்டளவில் விசயநகரத்து அரியணையிலும் அமர்ந்தான். குதிரைப் படை குன்றினால் அரசு குன்றும் என்பதை அறிந்த அவன், ஓர்மசு, ஏடன் முதலிய துறைகளிலிருந்து கப்பலேற்றி வரும் குதிரைகளை வணிகர் கேட்ட விலைக்கே வாங்கினானாம். வழியில் இறந்த குதிரைக்கும் விலை உண்டு. கடலில் மாண்ட குதிரையின் வாலை மட்டும் கொண்டு வந்து காட்டினால் போதும். உயிருள்ள குதிரைக்குரிய பணம் கிடைத்துவிடும். இதனை எழுதி வைத்தவர், அவனுக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு பிற்பட்டு விசயநகரத்தில் இருந்த போர்ச்சுகீசியக் குதிரை வணிகர் பெர்னாவோ நூனிசு என்பவர். வால் எத்தனை, குதிரை எத்தனை என்று கணக்குப் பார்த்தவர் யாரோ! எனினும், நரசிம்மன் ஏமாளியல்லன். வணிகன் அஞ்சாமல் அடுத்த ஆண்டும் கப்பலைச் செலுத்தவேண்டும் என்பதற்காக, தெரிந்தே கொடுத்த விலை அது.

சந்திரகிரி அரசரின் ஆட்சிக்குட்பட்ட கடற்கரையில்தான், 1639-ஆம் ஆண்டில் தாமர்ல வெங்கடப்ப நாயகர் ஆங்கிலேயக் கும்பினியாருக்கு ஒரு துண்டு மணல்நிலம் அளித்தார். அது சென்னைப்பட்டணம் ஆயிற்று. 1769-ல் ஐதர் அலியின் குதிரைப் படை பரங்கிமலையருகே வந்து நின்றதும், கோட்டைக்குள் இருந்த வெள்ளையர் அஞ்சி உடன்படிக்கை செய்ததும் வரலாறு. எட்டு ஆண்டுகள் கழிந்தன. 1777-ல் அப்பரங்கிமலைக்கு அண்மையில் கிண்டி வெளியில் ஆங்கிலேயர் குதிரைப் பந்தயம் நடத்தத் தொடங்கினர். மீண்டும் 1780-ல் ஐதர் கருநாடகத்துள் புகுந்தார். 1782 டிசம்பரில் அவர் உயிர் நீத்தது நம் சித்தூரை அடுத்த நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் என்பதை, அவ்வழியே நாள்தோறும் பேருந்திற் செல்லும் நம்மவரில் எத்தனை பேர் அறிவர்?

அந்நாளைய பந்தயம் படைத்தலைவரும் கும்பினி அலுவலரும் தத்தம் குதிரைகளை ஓட்டிப் பார்த்துப் பணையம் வைத்த விளையாட்டாகும். இவன் குதிரை இது, அவன் குதிரை அது என்று எல்லார்க்கும் தெரியும். நம் பக்கத்தில் சந்திரகிரியை அடுத்த ரங்கம்பேட்டையிற் பொங்கலை ஒட்டிக் காளைகளை விடுகிறார்களே, அதனைப் போன்றதென்று கொள்ளலாம். கொம்பிற் கட்டிய பலகையைப் பறிக்க நிற்கும் இளைஞனுக்கு, வருவது யார் வீட்டுக் காளை, எப்பக்கம் கொம்பை வீசும் என்பதெல்லாம் கன்றுப் பருவத்திலிருந்தே தெரியும். பந்தயக் குதிரையின் வரலாறும் அத்தகைய நெருக்கத்தில் தோன்றியதே. இன்று உலகெங்கும் ஓடும் உயர்சாதிப் பந்தயக் குதிரைகள் யாவும், பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இங்கிலாந்திற்குக் கொண்டு செல்லப்பட்ட மூன்று கீழ்நாட்டு ஆண் குதிரைகளைத் தம் முன்னோராகக் கொண்டவை. எனவே தாய் யார், தந்தை யார், பாட்டன் எத்தனை கல் தூரம் சளைக்காமல் ஓடியவன் என்று கேட்பதே பந்தயக் கலையின் அரிச்சுவடி.

இனித் தீர்ப்புக்கு வருவோம். 1974-ல் தமிழ்நாட்டு அரசு குதிரைப் பந்தயத்தையும் அதன்மீது பணம் கட்டுவதையும் ஒழிக்கச் சட்டம் இயற்றியது. சென்னை ரேஸ் கிளப்பார் நீதிமன்றம் சென்றனர். பின்னர் 1986-ல் கிளப்பையே அரசு மேற்கொள்ள மற்றொரு சட்டம் வந்தது. வழக்குகள் இருபது ஆண்டுகளுக்கு மேல் இழுத்தன. இறுதியில் 1996 சனவரி 12-ஆம் நாள், டாக்டர் கே. ஆர். லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு என்னும் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள், குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமையைச் சார்ந்த விளையாட்டே என்று முடிவு கூறினர். குதிரையின் பிறப்பு, பயிற்சி, வேகம், தாங்கும் ஆற்றல், ஜாக்கியின் கைத்திறம் ஆகியவையே வெற்றியைத் தீர்மானிக்கின்றன. இவற்றை ஆராய்ந்து பணம் கட்டுபவர் கண்ணை மூடிக்கொண்டு சீட்டு எடுப்பவரினும் வேறானவர் என்பது அவர்கள் கருத்தின் சாரம்.

நேர்மையாகப் பார்த்தால் இதனை எளிதில் தள்ள முடியாது. கிண்டியில் பழம் பந்தயக்காரர்கள் எப்படிப் பணம் கட்டினார்கள் என்று நோக்குங்கள். பந்தயத்துக்கு முன்னர்க் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டுவார்கள். அங்கே வேலியோரம் நின்று, எந்தக் குதிரை வியர்த்திருக்கிறது, எது காலைத் தயங்கி வைக்கிறது, எதன் வயிறு ஒட்டி உடல் மினுமினுக்கிறது என்று பார்ப்பார்கள். திறமை மிகுந்த குதிரைக்கு அதிகச் சுமையும் குறைந்ததற்குக் குறைந்த சுமையும் ஏற்றுவது விதி. இன்று எதற்கு எத்தனை கிலோ என்று கணக்கிடுவார்கள். முந்திய நாள் மழை பெய்திருந்தால் தரை இளகியிருக்கும். இளகிய தரையில் ஓட வல்ல குதிரை வேறு. விடியற்காலைப் பயிற்சியைப் போய்ப் பார்த்து, கையில் நிறுத்துக் கடிகாரத்துடன் நேரம் குறிப்பவர்களும் உண்டு. செட்டிநாட்டு எம். ஏ. எம். இராமசாமி அவர்கள் பலநூறு பெரும் பந்தயங்களை வென்றது குருட்டு யோகத்தாலன்று. குதிரைகளோடு ஓர் ஆயுளையே கழித்தவர் அவர். இத்தகைய அறிவைத் திறமை என்னாது வேறு என்னென்பது?

ஆனால், சட்டம் அத்திறமையை எங்கே வைத்துப் பார்த்தது என்பதுதான் நம் இளைஞர் கவனியாத இடம். 1930-ஆம் ஆண்டின் பழைய சென்னை மாகாணச் சூதாட்டச் சட்டம் குதிரைப் பந்தயத்துக்கு விலக்கு அளித்தபோது இரண்டு கட்டுகளை இட்டிருந்தது. பந்தயம் ஓடும் அந்நாளிலேயே பணம் கட்ட வேண்டும். பந்தய மைதானத்தின் வேலிக்குள், அதற்கென ஒதுக்கிய இடத்திலேயே கட்ட வேண்டும். அக்காலத்தில் நம் சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. எனவே அச்சட்டம் நம் ஊருக்கும் உரியதே. 1996 தீர்ப்பு எழுந்ததும் ஒரு பந்தய மைதானத்தில் நடப்பது பற்றிய வழக்கிலேயாம். வேலியோரம் நிற்பவனுக்குக் கிடைத்த பெயரை, ஐயாயிரம் கல்லுக்கு அப்பால் இருப்பவன் தனக்கும் சூட்டிக்கொள்ளலாமா? இதுவே நாம் எழுப்ப விரும்பும் வினா.

வேலியை விட்டுப் பணையம் வெளியேறிய கதை நீண்டது. நம் நாட்டில் அதன் முதற் பெரும் அத்தியாயம் கல்கத்தாவில் எழுதப்பட்டது. இங்கிலாந்தில் எப்சம் என்னும் மேட்டு வெளியில் 1780 முதல் ஆண்டுதோறும் நடந்துவரும் டெர்பிப் பந்தயமே பந்தயங்களுள் தலையாயது. 1847-ல் தோன்றிய கல்கத்தா டர்ஃப் கிளப், அந்த டெர்பியின்மீது ஒரு பரிசுச் சீட்டு நடத்தியது. ஸ்வீப் என்பது அதன் பெயர். சீட்டுப் பணம் யாவும் ஒரு குவியலாகும். ஓடவிருக்கும் குதிரைகளின் பெயர்களும் சீட்டு எண்களும் குலுக்கி எடுக்கப்படும். எவன் எண்ணுக்கு வெல்லும் குதிரை வாய்க்கிறதோ அவனுக்குப் பெரும் பங்கு. கிளப் உறுப்பினருக்காகவே நடத்துவது என்று பெயர். ஆயினும் உறுப்பினர் வாயிலாகப் பிறரும் வாங்கலாம். இருபதாம் நூற்றாண்டின் முப்பதுகளில் உலகத்துப் பெரும் பரிசுச் சீட்டுகளுள் ஒன்றாக அது விளங்கிற்று. எப்சம் எத்திசையில் உள்ளது என்று அறியாதவனும் அதிற் கலந்து கொண்டான். அறிந்தாலும் பயனில்லை, குதிரையைத் தேர்ந்தெடுப்பது அவனன்று, குலுக்கலே. 1930-ல் அயர்லாந்தில் மருத்துவமனைகளுக்குப் பணம் திரட்டவென்று தொடங்கி 1987 வரை நடந்த பரிசுச் சீட்டும் இவ்வழியே சென்றது.

இதற்கிடையில் நம் நாட்டு மன்னர்கள் சிலர் எதிர்த் திசையிற் சென்று புகழ் பெற்றனர். இராசபிப்ளா மகாராசாவின் ‘வின்சர் லாட்’ என்னும் குதிரை 1934-ல் எப்சம் டெர்பியையே வென்றது. பரோடா மகாராசா வாங்கித் தம் முன்னோர் பெயரிட்ட ‘சயாசிராவ்’ 1947-ல் செயின்ட் லெசர் பந்தயத்தில் வென்றது. நாடு விடுதலை பெற்ற ஆண்டில் ஓர் இந்தியப் பெயர் ஆங்கில மைதானத்தில் முழங்கிற்றே என்று மகிழ்வதா, உழவர் தந்த வரி எங்கே ஓடிற்று என்று வருந்துவதா என்பதை அன்பர்களே முடிவு செய்யலாம்.

பந்தயத்தின் தாயகமாகிய இங்கிலாந்திலேயே ஏழைத் தொழிலாளி மைதானத்துக்கு வெளியே ரொக்கப் பணம் கட்டுவது நெடுங்காலம் குற்றமாயிருந்தது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். 1853-ல் பந்தயக் கடைகள் தடுக்கப்பட்டன; 1906-ல் தெருவில் நின்று பணம் வாங்குவதும் தடுக்கப்பட்டது. செல்வன் மட்டும் தரகனிடம் கணக்கு வைத்துக் கடனாகப் பந்தயம் கட்டலாம்! இவ்வேற்றுமை நீங்கித் தெருவிற் கடைகள் முறையாகத் திறக்கப்பட்டது 1961 மே முதல் நாளிலேயே.

நம்மை ஒத்த இனத்தாரும் மொழியாரும் வாழும் இலங்கையின் கதை இன்னும் நுணுகி நோக்கத் தக்கது. கொழும்பில் காலிமுகத் திடலிலும், பின்னர் 1893 முதல் கறுவாத்தோட்டத்து மைதானத்திலும் பந்தயங்கள் சிறப்புற நடந்தன. 1956-ல் பண்டாரநாயக்கா ஆட்சிக்கு வந்ததை ஒட்டிக் கொழும்புப் பந்தயங்கள் நின்றன. மலைநாட்டு நுவரெலியாவிற் சித்திரைப் பருவத்தில் நடக்கும் ஓட்டமே எஞ்சிய அடையாளம். கொழும்பு மைதானத்தில் இன்று கடைகளும் விளையாட்டுத் திடலுமே உள்ளன. குதிரை போயிற்று, அதனோடு பந்தயமும் போயிற்றா எனின், இல்லை. நகரங்களின் பந்தயக் கடைகளில் இங்கிலாந்துப் பந்தயங்களின்மீது பணம் கட்டும் வழக்கம் வேரூன்றி நின்றது. 1988-ல் இயற்றப்பட்ட பந்தய, சூதாட்டத் தீர்வைச் சட்டம் புக்கிகளிடம் வரி வாங்கவே வகை செய்தது. சொந்த மண்ணில் ஓடும் குதிரையை நிறுத்திய நாடு, காணாத நாட்டுக் குதிரைக்குக் கடை திறந்து வைத்தது.

ஏன் இங்கிலாந்துப் பந்தயமே? மொழிப் பழக்கம், பழைய ஆட்சித் தொடர்பு ஆகியவை மட்டுமல்ல. கடிகாரமும் ஒரு காரணம் என்பது நம் துணிபு. இங்கிலாந்தில் பிற்பகல் 2 மணி என்றால் நமக்குக் கோடையில் மாலை 6.30; குளிர்காலத்தில் இரவு 7.30. ஆலையும் அலுவலகமும் முடிந்து மனிதன் வீடு திரும்பும் நேரம். அங்கே பந்தயங்கள் அரைமணிக்கு ஒன்றாக ஓட ஓட, இங்கே இரவுச் சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கும். நவம்பர் முதல் செவ்வாயில் நடக்கும் மெல்போர்ன் கோப்பையோ நமக்குக் காலை 9.30-க்கு ஓடுகிறது. சூரியன் மறையாத சாம்ராச்சியம் மறைந்தது. பந்தயம் முடியாத நாள் பிறந்தது. 1870-ல் பம்பாய்க்குக் கடலடித் தந்தி வந்து சேருமுன், டெர்பியில் வென்றது எது என்று அறியக் கப்பல் வரும்வரை காத்திருந்தனர். அக்காத்திருப்பில் ஒரு நன்மை இருந்தது. தோற்றவன் மறுபடியும் பணம் கட்ட மாதக்கணக்கில் ஆகும்!

சித்தூர், திருப்பதிப் பக்கத்து நமக்கு ‘வெளிநாடு’ என்னும் சொல்லே வேடிக்கையானது. 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்துக்குச் சித்தூரே தலைநகர். 1953-ல் ஆந்திரம் பிரிந்தபோது கிண்டி நமக்கு அயல் மாநிலமாயிற்று. ஐதராபாத்து மலக்பேட்டை மைதானம் 1956 முதல் நம் மாநிலத்துக்கு உரியதாயிருந்து, 2014-ல் தெலங்காணம் பிரிந்தபோது அதுவும் அயலாயிற்று. சென்னைக்கும் பெங்களூருக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலையில் அமர்ந்துகொண்டு, இரு பக்கமும் குதிரை ஓடும் ஓசையைக் கேட்டவாறு, தனக்கென ஒரு மைதானமும் இல்லாத ஊர் நம் ஊர். ஆகவே இங்கிருந்து பந்தயம் கட்டுபவன் என்றும் எட்ட இருந்தே கட்டியிருக்கிறான். முன்பெல்லாம் சனிக்கிழமைகளில் பேருந்து ஏறிச் சென்று வேலியோரமாவது நின்றான். ஆங்கில நாளிதழின் பந்தயப் பக்கத்தைப் பென்சிலாற் கோடிட்டுக் கொண்டு போகும் பெரியவர்களை நம் இளமையிற் பார்த்திருக்கிறோம். அவர்களும் தோற்றார்கள், ஆனால் வாரத்துக்கொரு முறை, கையிலிருந்த பணத்தளவிலே தோற்றார்கள்.

இன்றோ சட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக வந்துள்ளன. வெளிநாட்டுப் பரிசுச் சீட்டு, கால்பந்துப் பந்தயம், ஸ்வீப் முதலியவற்றுக்குப் பணம் அனுப்புவதை 2000-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி விதிகள் தடுக்கின்றன. 2020 செப்டம்பரில் ஆந்திர அரசு தன் 1974-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தைத் திருத்தி இணையவழிப் பந்தயங்களைத் தடுத்தது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை, திறமையோ யோகமோ என்று பாராமல் தடுக்கும் மத்தியச் சட்டம் 2025 ஆகஸ்டு 22-ஆம் நாள் ஒப்புதல் பெற்றது. மைதானத்துப் பந்தயத்துக்கோ 2017-ல் 28 விழுக்காடாக இருந்த சரக்கு, சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 40 விழுக்காடாயிற்று. இவ்வரியால் நேர்மையாகக் கட்டுபவன் குறைவானே யன்றி, கட்டுபவன் குறைவான் என்று நாம் நம்பவில்லை. வரியும் கேளாது பெயரும் கேளாது வாங்கும் கள்ளத் தரகன் தொலைபேசிக்குள்ளேயே காத்திருக்கிறான் அன்றோ?

இவ்வளவும் திரட்டிய பின்னர் அவ்விளைஞரை மீண்டும் சந்தித்தோம். அறிவுரை கூறவில்லை, அவரது திறமையை அறிய விரும்பினோம். “தம்பி, இன்று நீ கட்டிய குதிரை ஓடும் தளம் இடப்புறம் வளைவதா, வலப்புறம் வளைவதா?” தெரியவில்லை. எப்சம் இடப்புறம் வளைந்து சரிவில் இறங்குவது; ஆஸ்கட் வலப்புறம் வளைவது; ஒன்றில் வென்றது மற்றொன்றிற் சறுக்கலாம் என்று விளக்கினோம். அங்கே நேற்று மழையா? தெரியவில்லை. குதிரையின் தாய் யார்? சிரித்தார். “பிறகு எப்படித் தேர்ந்தாய்?” “பேர் நன்றாயிருந்தது மாமா. முன்னாடி ஒரு தடவை அதே ஜாக்கியால் பணம் வந்தது.”

நளன் கதையை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர். குதிரையின் உள்ளத்தை அவனைப் போல் அறிந்தவர் இல்லை. இருந்தும் கவற்றினால் நாட்டை இழந்தான். பின்னர் வாகுகனாய் இருதுபன்னனின் தேரைச் செலுத்தும்போது, தான்றி மரத்தின் காய்களைப் பார்த்த அளவில் எண்ணிச் சொல்லும் அக்கணித வித்தையை அம்மன்னனிடம் கற்று, அதற்கீடாகத் தன் குதிரை வித்தையைக் கொடுத்தான். குதிரை வித்தை வேறு, கவற்று வித்தை வேறு. ஒன்றை அறிந்தவன் மற்றொன்றில் தோற்பான் என்று கதை செய்தவர் தெளிந்திருந்தார். நம் இளைஞரிடம் இரண்டு வித்தையும் இல்லை. நீதிமன்றம் கொடுத்த பெயர் மட்டும் இருந்தது. இதனை அவரிடம் சற்று மென்மையாகச் சொன்னோம்.

கிண்டியின் செய்தியையும் சொன்னோம். 1940-களின் நடுவில் 160 ஏக்கர் நிலம், ஆண்டுக்கு ஏறக்குறைய 614 ரூபாய் வாடகைக்கு 99 ஆண்டுக் குத்தகையாகக் கிளப்புக்கு விடப்பட்டிருந்தது. வாடகை உயர்வு பற்றிய வழக்கு நீண்டு, 730 கோடி ரூபாய் பாக்கி என்று கூறித் தமிழ்நாட்டு அரசு 2024 செப்டம்பரிற் குத்தகையை முறித்து வாயிலுக்கு முத்திரையிட்டது. வழக்குகள் தொடர்ந்தன. அதே ஆண்டு சூனில் உதகை மைதானத்தையும் அரசு மீட்டிருந்தது.

அதன்பின் சிங்கப்பூரைப் பற்றிப் பேச்சு வந்தது. அவருடைய பெரியப்பா குடும்பம் அங்கே சிராங்கூன் சாலைக்கு அருகில் இருக்கிறது. 1842-ல் அங்கே பந்தயக் கிளப் தோன்றியபோது மைதானம் அச்சாலையை அடுத்த பேரர் பார்க்கில் இருந்தது. குதிரைகள் 1933-ல் புக்கிட் தீமாவுக்கும், பின்னர்க் கிராஞ்சிக்கும் போய்விட்ட பிறகும், ‘ரேஸ் கோர்ஸ் ரோடு’ என்னும் பெயர் மட்டும் நம்மவர் கடைகளுக்கு நடுவே நிலைத்துவிட்டது. 2024 அக்டோபர் 5-ஆம் நாள் கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் ஓடிற்று. 182 ஆண்டுக் கணக்கு முடிந்தது. நிலம் வீடு கட்டுவதற்கென அரசிடம் திரும்புகிறது. ஆனால் பிற நாடுகளிலே ஓடும் குதிரைகளின்மீது பணம் கட்டும் ஏற்பாடு அங்கே நிற்கவில்லை. முறையான அனுமதியோடு தொடர்ந்தது.

இளைஞர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “அந்தக் குதிரையெல்லாம் என்ன ஆச்சு, மாமா?” என்று கேட்டார். சில மலேசியாவுக்கு ஓடப் போயின, மற்றவற்றுக்கு வேறு இடம் தேடினார்கள் என்று நாம் அறிந்ததைச் சொன்னோம்.